14 மாத மகள், 12 வயது மகன்: குழந்தை வளர்ச்சியில் எது இயல்பு?

ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார்: "என் மகளுக்கு 14 மாதம். பிடித்துக்கொண்டு நிற்கிறாள், ஆனால் தனியாக நடக்கவில்லை. அவள் வயதுக் குழந்தைகள் ஓடத் தொடங்கிவிட்டார்கள். மகனுக்கு 12 வயது. வகுப்பிலேயே அவன்தான் உயரம் குறைவு. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். கருவில் தொடங்கி பதின்பருவம் வரை பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள், எங்கே கவலைப்பட வேண்டும் என்று விளக்கமாகச் சொல்ல முடியுமா?"

மகளைப் பற்றிய பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நெஞ்சில் பாரத்தோடு நீண்ட விளக்கத்தைப் படிக்க முடியாது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகள் நன்றாகவே வளர்கிறாள். உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, அவர்கள் எப்போது உட்கார்ந்தார்கள், நின்றார்கள், நடந்தார்கள் என்பதை 2006இல் வெளியிட்டது. எல்லோருமே நல்ல ஊட்டமும் ஆரோக்கியமும் உள்ள குழந்தைகள். அப்படியிருந்தும் தனியாக நடக்கத் தொடங்கிய வயது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை பரவியிருந்தது. இரு முனைகளுக்கும் நடுவே ஒன்பது மாதத்துக்கு மேல் இடைவெளி. உங்கள் மகள் அந்த இடைவெளிக்குள் வசதியாக இருக்கிறாள். 18 மாதம் நிறைந்தும் தனியாக நடக்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை அவள் பிடித்து எழுகிறாளா, பிடித்தபடியே பக்கவாட்டில் நகர்கிறாளா, இரண்டு கால்களையும் ஒரே மாதிரி ஊன்றுகிறாளா என்று மட்டும் பாருங்கள்.

குழந்தைகள் நலத்தில் பல ஆண்டுகள் பெற்றோருடன் உட்கார்ந்து பேசியவன் நான். அவர்கள் கொண்டுவரும் கேள்வி பெரும்பாலும் "எந்த மாதத்தில்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பவை வேறு. ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டியவை அந்த வரிசையில் வருகின்றனவா? போன மாதத்தைவிட இந்த மாதம் ஏதாவது கூடியிருக்கிறதா? வந்த திறன் நிலைத்திருக்கிறதா? மூன்றாவது கேள்வி மற்ற இரண்டையும்விட முக்கியம். தாமதமாக வருவது பல நேரங்களில் இயல்பின் ஒரு வகை. வந்தது போய்விடுவது எந்த வயதிலும் இயல்பல்ல. பேசிய சொற்களைக் குழந்தை விட்டுவிட்டால், நடந்த குழந்தை நடக்க மறுத்தால், அடுத்த பரிசோதனை வரை காத்திருக்க வேண்டாம்.

இனி கருவிலிருந்து வருவோம்.

கர்ப்பத்தை 40 வாரம் என்று கணக்கிடுவது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து. கரு உருவாவது அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து. எனவே பிறக்கும்போது குழந்தையின் உண்மையான கரு வயது 38 வாரம்தான். இது வெறும் கணக்கு விவகாரமாகத் தோன்றலாம். ஆனால் மாதவிடாய் தள்ளிப்போனதைப் பெண் கவனிக்கும்போதே கருவுக்கு இரண்டு வார வயது ஆகியிருக்கும். 22ஆம் நாளை ஒட்டி இதயம் துடிக்கத் தொடங்குகிறது. பிற்பாடு மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழாய் 28ஆம் நாளுக்குள் மூடிக்கொள்கிறது. கர்ப்பம் உறுதியாகி, மருத்துவரைப் பார்த்து, மாத்திரை வாங்கி வருவதற்குள் அந்த வேலை முடிந்துவிடும். அதனால்தான் அந்தக் குழாய் சரியாக மூடிக்கொள்ள உதவும் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினை நாளுக்கு 400 மைக்ரோகிராம் வீதம், குழந்தைக்குத் திட்டமிடும்போதே தொடங்கச் சொல்கிறார்கள்.

முதல் 8 வாரங்களில் எல்லா உறுப்புகளுக்கும் அடித்தளம் போடப்பட்டுவிடுகிறது. கருவுக்கு எது தீங்கு செய்கிறது என்பதைப் போலவே, எப்போது தாக்குகிறது என்பதும் முக்கியம் என்று மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது துயரமான வழியில். 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகள் பலரின் தாய்மார்களுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா அம்மை வந்திருந்ததைக் கண்டார். 1950களின் இறுதியில் கர்ப்பிணிகளின் குமட்டலுக்குத் தரப்பட்ட தாலிடோமைடு மாத்திரையால் உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறையோடு பிறந்தார்கள். கை கால்கள் உருவாகும் அந்தச் சில வாரங்களில் மருந்து உள்ளே போனதுதான் காரணம். மூளையோ கர்ப்பம் முழுவதும் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஆகவே மதுவுக்கோ புகைக்கோ "இந்த மாதம் பரவாயில்லை" என்று ஒரு மாதமும் கிடையாது.

தாய் அசைவை உணர்வது பெரும்பாலும் 16 முதல் 20 வாரத்துக்குள். அதற்கும் முன்பே குழந்தை உள்ளே கை கால் நீட்டி மடக்கிக்கொண்டிருக்கும். கடைசி மூன்று மாதங்களில் காது கேட்கிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள், சப்பும் வேகத்தை மாற்றினால் தாயின் குரல் ஒலிக்கும் என்ற ஏற்பாட்டில், அந்தக் குரலுக்காகவே சப்புதலை மாற்றிக்கொண்டதை 1980இல் ஓர் ஆய்வு காட்டியது. பிறந்த குழந்தை புதிய உலகத்துக்கு வருகிறது என்கிறோம். ஒரு குரல் மட்டும் அதற்குப் பழையது.

நுரையீரல் பக்குவப்படுவது கடைசியில். 37 வாரத்துக்கு முன் பிறந்தால் குறைமாதம். குறைமாதக் குழந்தைகளின் பெற்றோர் ஒன்றை மறக்கக்கூடாது: இரண்டு மாதம் முன்கூட்டிப் பிறந்த குழந்தையை 8 மாதத்தில் 6 மாதக் குழந்தையோடுதான் ஒப்பிட வேண்டும். இந்தத் திருத்திய வயதுக் கணக்கை இரண்டு வயது வரை வைத்துக்கொள்ளலாம். இதைச் சொல்லித்தர ஆள் இல்லாமல் மாதக்கணக்கில் அழுத தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிதான் கணக்கு.

நிறைமாதக் குழந்தை சராசரியாக 3.3 கிலோ எடையும் 50 சென்டிமீட்டர் நீளமுமாக வருகிறது. முதல் சில நாட்களில் எடை குறையும், பத்தில் ஒரு பங்கு வரைகூட. இரண்டு வாரத்துக்குள் அதைத் திரும்பப் பிடித்துவிடும். கண் தெரியும், ஆனால் 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில்தான் தெளிவு. மடியில் கிடத்திப் பாலூட்டும்போது தாயின் முகம் இருக்கும் தூரம் அது.

இந்த வயதில் குழந்தை செய்பவற்றில் பல, அனிச்சைச் செயல்கள். கன்னத்தைத் தொட்டால் அந்தப் பக்கம் வாயைத் திருப்பும். உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பற்றும். தலை சட்டென்று பின்னால் சாய்ந்தால் இரு கைகளையும் விரித்து, பிறகு அணைப்பதுபோல் குவிக்கும். இது மோரோ அனிச்சை. இவை இருக்கின்றனவா என்று பிறந்தவுடன் பார்க்கிறோம். ஆறு மாதம் ஆகும்போது போய்விட்டனவா என்றும் பார்க்க வேண்டும். மூளையின் மேற்பகுதி பொறுப்பேற்கும்போது இவை மறைய வேண்டும். பற்றும் அனிச்சை விட்டால்தான் குழந்தை விரும்பியதை எடுக்கவும், வேண்டாததை விடவும் முடியும்.

அழுகை முதல் வாரங்களில் கூடிக்கொண்டே போய் ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்தைத் தொடும். மூன்று, நான்கு மாதத்துக்குள் தணியும். ஏதோ தவறு செய்கிறோம் என்று பெற்றோர் உடைந்துபோவது இந்த நாட்களில்தான். எவ்வளவு சோர்ந்தாலும் குழந்தையைக் குலுக்கக்கூடாது. அந்தச் சிறு தலைக்குள் ரத்தக்கசிவு ஏற்படும். முடியாதபோது பத்திரமான இடத்தில் கிடத்திவிட்டு இரண்டு நிமிடம் வெளியே வந்து நிற்பது குற்றமல்ல. ஆறு முதல் எட்டு வாரத்தில் பரிசு வருகிறது: உங்கள் முகத்தைப் பார்த்து, உங்களுக்காகவே ஒரு சிரிப்பு. தூக்கத்தில் உதடு சுழிக்கும் சிரிப்பு வேறு, இது வேறு. மூன்று மாதம் ஆகியும் முகம் பார்த்துச் சிரிக்காவிட்டால் கண்பார்வையிலிருந்து தொடங்கிப் பரிசோதிக்க வேண்டும்.

முதல் ஆண்டில் உடல் வசப்படும் விதத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. தலையிலிருந்து கீழ்நோக்கி, நடுவிலிருந்து வெளிநோக்கி. முதலில் கழுத்து நிற்கும், மூன்று நான்கு மாதத்தில். பிறகு முதுகு, இடுப்பு, கடைசியில் கால். கையிலும் அப்படியே. நான்கு மாதத்தில் தோளோடு சேர்த்து முழுக் கையையும் வீசிப் பொருளை எட்டும், ஆறில் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றும், ஒன்பது பத்தில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துச் சின்னத் துணுக்கையும் பொறுக்கும். நம் பிள்ளைத்தமிழ் மரபு ஐந்தாம் மாதத்தைச் செங்கீரை என்றும், கை கொட்டும் ஒன்பதாம் மாதத்தைச் சப்பாணி என்றும், முதலாண்டு நிறைவை ஒட்டியதை வருகை என்றும் வகுத்தது. குழந்தையை எவ்வளவு கூர்ந்து பார்த்திருந்தால் இந்த மாதங்கள் இன்றைய அட்டவணைகளோடு இவ்வளவு ஒத்துப்போகும்!

முன்சொன்ன உலக சுகாதார நிறுவன ஆய்வில் தாங்கலின்றி உட்கார்ந்த வயது 3.8 முதல் 9.2 மாதம். கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்ந்தது 5.2 முதல் 13.5 மாதம். நூற்றில் நான்கைந்து குழந்தைகள் அப்படித் தவழவே இல்லை. உட்கார்ந்தபடி நகர்ந்தோ, நேராக எழுந்து நின்றோ நடைக்குப் போய்விட்டார்கள். "தவழாமல் நடந்தால் பின்னால் படிப்பு வராது" என்று பயமுறுத்துபவர்களுக்கு இதுவே பதில். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2022இல் எந்த வயதில் எந்தத் திறன் வர வேண்டும் என்ற தன் பட்டியலைத் திருத்தியபோது தவழ்தலையே எடுத்துவிட்டது.

இங்கே இரண்டு நடைமுறைச் செய்திகள். குழந்தையைத் தூங்கவைக்கும்போது மல்லாத்தியே கிடத்துங்கள். திடீர்ச் சிசு மரணத்தின் ஆபத்தை அது குறைக்கிறது. விழித்திருக்கும்போது நீங்கள் அருகில் இருக்க, குப்புறக் கிடத்தி விளையாட விடுங்கள். கழுத்தும் தோளும் அப்போதுதான் வலுப்படும். அடுத்தது, சக்கரம் வைத்த நடைவண்டிக்குள் குழந்தையை உட்காரவைக்காதீர்கள். அது நடையை முந்திக் கொண்டுவருவதில்லை. படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகள் ஏராளம் என்பதால் கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது.

கை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஒன்றரை வயதுக்குள் குழந்தை ஒரு கையை மட்டுமே பயன்படுத்தினால் "இப்போதே வலக்கைப் பழக்கம்" என்று மகிழ வேண்டாம். மறு கையில் பலவீனம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இயல்பான கைப்பழக்கம் அதற்குப் பிறகுதான் மெல்லத் துலங்கும்.

மனம் வளர்வது உடல் வளர்வதைப்போல் கண்ணுக்குத் தெரியாது. அதனால் பெற்றோர் தவறவிடும் அழகுகள் இங்கேதான் அதிகம். எட்டு மாதத்தை ஒட்டி, துணிக்கு அடியில் ஒளித்த பொம்மையைக் குழந்தை துணியை விலக்கித் தேடும். கண்ணுக்கு மறைந்தாலும் பொருள் இருக்கிறது என்ற அறிவு அது. கரண்டியைத் திரும்பத் திரும்பக் கீழே போடுவது பிடிவாதம் அல்ல, பரிசோதனை. அதே காலத்தில்தான் அறிமுகமில்லாதவரைக் கண்டு அழுகையும், நீங்கள் அறையைவிட்டுப் போனால் கதறலும் தொடங்கும். நேற்றுவரை எல்லோரிடமும் போன குழந்தை இன்று ஒட்டிக்கொள்வதைப் பின்னடைவு என்று நினைக்கிறார்கள். உங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்தறியவும், நீங்கள் இல்லாதபோதும் உங்களை நினைக்கவும் கற்றதன் விளைவு அது.

1970களில் எட்வர்ட் டிரானிக் என்ற உளவியலாளர் தாய்மார்களைச் சிறிது நேரம் குழந்தையோடு கொஞ்சவைத்து, பிறகு சில நிமிடம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருக்கச் சொன்னார். சில மாதக் குழந்தைகள் முதலில் சிரித்துப் பார்த்தன, கை நீட்டின, சத்தமிட்டன. பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு கலங்கின. குழந்தைக்கு வேண்டியது பதில். அது ஓர் ஒலி எழுப்பினால் நீங்கள் ஓர் ஒலி, அது பார்த்த திசையில் நீங்களும் ஒரு பார்வை. விலையுயர்ந்த அறிவு வளர்க்கும் பொம்மை எதுவும் இதற்கு ஈடாகாது.

பேச்சும் இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் பிறக்கிறது. இரண்டு மாதத்தில் உயிரெழுத்துகளாகக் கூவல், ஆறு மாதத்துக்குப் பின் "பாபாபா, மாமாமா" என்ற அடுக்கொலி, ஓராண்டை ஒட்டி முதல் சொல், இரண்டு வயதில் 50 சொற்களும் "பால் வேணும்" போன்ற இரு சொல் தொடரும். காது கேளாத குழந்தையும் தொடக்கத்தில் கூவும். அடுக்கொலிதான் உரிய காலத்தில் வராது. "சத்தம் போடுகிறானே, காது எப்படிக் கேட்காமல் இருக்கும்?" என்ற நம்பிக்கையில் எத்தனையோ பெற்றோர் பொன்னான மாதங்களை இழக்கிறார்கள். பேச்சில் தாமதம் என்றால் முதல் வேலை, செவித்திறன் பரிசோதனை. கதவைத் தட்டிப் பார்ப்பது பரிசோதனை ஆகாது, அதிர்வைக்கூடக் குழந்தை உணரும்.

வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் பேச்சு தாமதப்படுவதில்லை. இரு மொழிகளிலும் உள்ள சொற்களைச் சேர்த்து எண்ணுங்கள், கணக்கு சரியாக வரும். திரை வேறு விஷயம். அது குழந்தைக்குப் பதில் சொல்லாது. 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது 2019இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

சொற்களைவிட நான் அதிகம் கவனிப்பது சுட்டுவிரலை. ஓராண்டை ஒட்டிக் குழந்தை நிலவையோ நாயையோ சுட்டிக்காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். "எனக்கு அது வேண்டும்" என்பதற்காக அல்ல, "நீயும் பார்" என்பதற்காக. 12 மாதத்தில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல் இருப்பது, 18 மாதத்திலும் சுட்டிக்காட்டாமல் இருப்பது, 24 மாதத்தில் இரு சொல் தொடர் வராதிருப்பது ஆகியவை ஆட்டிசம் உள்ளிட்ட காரணங்களைத் தேட வேண்டிய குறிகள். "ஆண் பிள்ளை, மெதுவாகப் பேசுவான்" என்ற ஆறுதலை இந்த இடத்தில் ஏற்காதீர்கள். பரிசோதித்து ஒன்றுமில்லை என்றால் நட்டமில்லை.

ஒரு வயதுக்குப் பின் உடல் வளர்ச்சி வேகம் குறைகிறது. முதலாண்டில் பிறந்த எடையைப்போல் மூன்று மடங்கு ஆன குழந்தை, இரண்டாம் ஆண்டில் இரண்டரைக் கிலோ போலத்தான் கூடும். பசியும் அதற்கேற்பக் குறையும். "சாப்பிடுவதே இல்லை" என்ற புகாரோடு வரும் இரண்டு வயதுக் குழந்தைகளில் பலருக்கு, எடையையும் உயரத்தையும் குறித்துவரும் அட்டையில் வளர்ச்சிக் கோடு அழகாக இருக்கும். அந்தக் கோட்டைக் காட்டித்தான் பெற்றோரைச் சமாதானப்படுத்துவேன். வாயைப் பிடித்துத் திணிப்பது உணவோடு ஒரு நிரந்தரப் பகையை வளர்க்கும்.

ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள் இன்னொரு பெரிய நிகழ்வு. குழந்தையின் மூக்கில் தெரியாமல் ஒரு சாயப் பொட்டு வைத்துக் கண்ணாடி முன் நிறுத்தினால், முன்பு கண்ணாடியில் தெரியும் பொட்டைத் தொட்ட குழந்தை இப்போது தன் மூக்கைத் தொடும். "நான்" பிறந்துவிட்டது. கூடவே "என்னுடையது", "மாட்டேன்" இரண்டும் பிறக்கும். தரையில் விழுந்து புரளும் கோபம் இந்த வயதின் குணம். ஆசை பெரியது, சொல் குறைவு, தன்னைத் தானே அடக்கும் மூளைப் பகுதி இப்போதுதான் முளைவிடுகிறது. அடித்தால் அடங்குவது பயத்தால்தான். அருகில் அமைதியாக இருந்து, அடங்கியபின் அணைத்துக்கொள்ளுங்கள். கேட்டது மட்டும் அந்த அழுகைக்காகக் கிடைக்கக்கூடாது.

பகலில் சிறுநீர், மலம் சொல்லப் பழகுவது பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்றரை வயதுக்குள். இரவு அதற்கும் பிறகு. 5 வயதிலும் நூற்றில் பதினைந்து பேர் போல இரவில் படுக்கையை நனைக்கிறார்கள். அது அவர்கள் கையில் இல்லை. தண்டிக்காதீர்கள், பிறர் முன் சொல்லாதீர்கள்.

மூன்று முதல் ஆறு வயது வரை கற்பனையின் காலம். மூன்று வயதில் வட்டம், நான்கில் கூட்டல் குறி, ஐந்தை ஒட்டிச் சதுரமும் முக்கோணமும் வரைவார்கள். நான்கு வயதில் வெளியார் ஒருவருக்கு அவர்கள் பேச்சு ஏறத்தாழ முழுவதும் புரிய வேண்டும். இடையில் சிலருக்கு வரும் திக்கல் பெரும்பாலும் தானே மறையும்.

இந்தப் பருவத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 1983இல் ஹைன்ஸ் விம்மரும் யோசப் பெர்னரும் வெளியிட்ட சோதனை. ஒரு சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது தாய் அதை வேறு அலமாரிக்கு மாற்றுகிறார். திரும்பி வந்து அவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தை, சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டும். தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்பது அதன் உலகம். நான்கைந்து வயதுக் குழந்தை, அவன் முதலில் வைத்த இடத்தைக் காட்டும். பிறர் மனத்தில் வேறொரு நம்பிக்கை இருக்க முடியும் என்று தெரிந்துவிட்டது. பிள்ளை பொய் சொல்லத் தேறுவதும் ஏறத்தாழ இதே காலத்தில்தான். நான்கு வயதுப் பொய்யைக் கண்டு பதறாதீர்கள். உண்மை சொன்னால் அடி விழாது என்ற நிலையை வீட்டில் உண்டாக்குங்கள்.

ஆறு முதல் பத்து வயது வரை வெளிப்பார்வைக்கு அமைதியான காலம். பால் பற்கள் விழுந்து நிலைப் பற்கள் முளைக்கும். ஆண்டுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் உயரம் கூடும். உயரமான டம்ளரிலிருந்து அகன்ற கிண்ணத்துக்கு ஊற்றினாலும் தண்ணீரின் அளவு மாறாது என்பது ஏழு வயதை ஒட்டித்தான் பிடிபடும். தோழமை பெரிதாகும். அறிவுக்கூர்மை இருந்தும் வாசிப்பு மட்டும் தடுமாறினால் சோம்பேறி என்று முத்திரை குத்துவதற்கு முன் கண், காது, கற்றல் குறைபாடு மூன்றையும் பரிசோதியுங்கள். இந்த வயதில் "நான் மக்கு" என்று நம்பத் தொடங்கிய பிள்ளையை மீட்பது கடினம்.

இப்போது உங்கள் மகனிடம் வருகிறேன். பருவமாற்றம் பெண்களுக்கு 8 முதல் 13 வயதுக்குள் மார்பக அரும்பலோடு தொடங்குகிறது. ஆண்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள், விரைகள் பெரிதாவதே முதல் அடையாளம். அது வெளியே தெரியாததால், குரல் உடைந்து மீசை அரும்பும்போதுதான் தொடங்கியதாக வீட்டில் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்குள் பாதி வழி கடந்திருக்கும். பிரிட்டன் மருத்துவர் ஜேம்ஸ் டானர் இந்த மாற்றங்களை 5 நிலைகளாக வகுத்தார். இன்றும் அதையே பின்பற்றுகிறோம்.

பெண் பிள்ளைகள் வேகமாக உயர்வது இந்த மாற்றத்தின் தொடக்கத்தில், 12 வயதை ஒட்டி. ஆண் பிள்ளைகள் உயர்வது அதன் நடுவில், 14 வயதை ஒட்டி. இந்த இரண்டு ஆண்டு இடைவெளிதான் ஏழாம் வகுப்புப் புகைப்படத்தில் பெண்களை உயரமாகக் காட்டுகிறது. உச்ச வேகத்தில் ஆண் பிள்ளைகள் ஆண்டுக்கு 9, 10 சென்டிமீட்டர்கூட வளர்வார்கள். முதலில் நீள்வது பாதமும் கையும். செருப்பு அளவு திடீரென்று மாறினால் உயரம் பின்னால் வருகிறது என்று பொருள். அந்த மாதங்களில் பொருள்களைத் தட்டிவிடுவதும் தடுமாறுவதும் இயல்பு. ஆண் பிள்ளைகளில் பலருக்குச் சில காலம் மார்பு லேசாகத் தடிக்கும், தொட்டால் வலிக்கும். பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்குள் மறையும். வெட்கத்தால் சொல்லாமல் மனத்துக்குள் புழுங்குவார்கள். நீங்களோ அவன் தந்தையோ முன்கூட்டியே சொல்லிவைப்பது பெரிய உதவி. பெண் பிள்ளைக்கு அரும்பல் தொடங்கி இரண்டு, இரண்டரை ஆண்டில் மாதவிடாய் வரும். முதல் ஓரிரு ஆண்டு ஒழுங்கற்றிருக்கலாம். இதையும் ரத்தத்தைக் கண்டு பயந்தபின் அல்ல, முன்பே சொல்ல வேண்டும்.

எரிந்து விழுவதற்கும் உடலில் காரணங்கள் உண்டு. உணர்ச்சியையும் பரிசையும் நாடும் மூளைப் பகுதிகள் இந்த வயதில் வேகமெடுக்கின்றன. நிறுத்தி யோசிக்கவைக்கும் நெற்றிப்புற மூளை முழுமையடைய இருபதுகளின் நடுப்பகுதி ஆகும். உடலின் கடிகாரமும் பின்னுக்கு நகர்கிறது. இரவு தூக்கம் தாமதமாக வரும், காலையில் கண் திறக்காது. அவர்களுக்குத் தேவை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம், 12 வயதில் 9 மணியாவது. பல பிள்ளைகளின் சிடுசிடுப்பில் பாதி தூக்கக் குறைவுதான் என்பது என் அனுபவம். ஆகவே முதலில் கைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். கோபத்தில் சொன்ன சொல்லுக்கு அந்த நிமிடமே தீர்ப்புச் சொல்லாமல், மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் "வயசுக் கோளாறு" என்று ஒதுக்கவும் கூடாது. பெரியவர்களிடம் காணும் மனநலக் கோளாறுகளில் ஏறத்தாழ பாதி 18 வயதுக்குள் தலைகாட்டுகின்றன. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் சோகமோ எரிச்சலோ, நண்பர்களையும் பிடித்த விளையாட்டையும் விட்டுவிடுதல், சாப்பாட்டிலும் தூக்கத்திலும் பெரிய மாற்றம், மதிப்பெண் திடீரெனச் சரிதல் ஆகியவற்றைக் கண்டால் உதவி தேடுங்கள். சாவதைப் பற்றி ஒரு சொல் வந்தாலும் விளையாட்டாக எடுக்காமல் அன்றே நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புகுந்துவிடாது. கேட்டால் மனம் திறக்க வழி கிடைக்கும்.

உயரத்துக்கு வருவோம். வகுப்பில் அவன் எத்தனையாவது என்பது எனக்குப் பெரிதல்ல. ஆண்டுக்கு எவ்வளவு கூடுகிறான் என்பதே முக்கியம். சுவரோடு குதிகால் ஒட்டி நிறுத்தி இன்று அளந்து எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் அளங்கள். இரண்டரை சென்டிமீட்டர் போலக் கூடியிருந்தால் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர், நல்லது. அந்த ஆறு மாதத்தில் கூடியது இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தாலோ, 14 வயது நிறைந்தும் பருவமாற்றத்தின் அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலோ மருத்துவரைப் பாருங்கள். இடது மணிக்கட்டை ஓர் எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணிப்பார்கள். எலும்பு 10 வயதுக்குரியதாக இருந்தால், அவனுக்கு இன்னும் வளரும் ஆண்டுகள் மிச்சம் இருக்கின்றன என்று பொருள். இறுதி உயரத்தைத் தோராயமாக அறிய, உங்கள் உயரத்தையும் அவன் தந்தையின் உயரத்தையும் சென்டிமீட்டரில் கூட்டி, 13 சேர்த்து, இரண்டால் வகுங்கள். பத்து சென்டிமீட்டர் வரை முன்னே பின்னே இருக்கலாம். கூடவே அவன் தந்தையிடம் ஒன்று கேளுங்கள்: அவர் எந்த வகுப்பில் படிக்கும்போது சட்டென்று உயர்ந்தார்? மகன் முன்னாலேயே கேளுங்கள், அவனும் அந்தப் பதிலைக் கேட்கட்டும்.